லைஃப் ஜாக்கெட் ‘இணையானதா’ என்று யார் சொல்ல வேண்டும்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கித் தருகிறேன். வயது 46. இரண்டு நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து பழைய 26 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் சீர்செய்து ஓட்டுகிறார். ஓய்வு கிடைக்கும்போது தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலிருந்து கிளம்பிக் கடலூர் வரை போய்வருவது வழக்கம். இப்போது முதல்முறையாக ஒரு பந்தயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். சென்னையில் மாலையில் தொடங்கி, இரவு முழுக்க ஓடி, மறுநாள் புதுச்சேரிக் கடலில் முடியும் பந்தயம் அது. படகில் ஐந்து பேர். அதில் ஒருவன் அவருடைய அக்கா மகன். 17 வயது, பாலிடெக்னிக் மாணவன்.

போட்டி அறிவிக்கையில் உள்ள பாதுகாப்பு நிபந்தனைகளை அவரே எடுத்து எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் 150 நியூட்டன் மிதவைத்திறன் கொண்ட, ‘அல்லது அதற்கு இணையான’ லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். அதில் விசில், விளக்கு, தொடைப்பட்டை இருக்க வேண்டும். காலாவதியாகாத சிவப்பு ஃபிளேர் (ஆபத்தில் கொளுத்திக் காட்டும் சுடர்) நான்கும் ஆரஞ்சுப் புகை இரண்டும் வேண்டும். இருட்டியபின் டெக்கில் (மேல்தளத்தில்) இருப்பவர்கள் ஹார்னஸ் (ஆளைப் படகோடு பிணைக்க உடலில் கட்டும் வார்) மாட்டியிருக்க வேண்டும். லைஃப் ராஃப்ட் (படகைக் கைவிட நேர்ந்தால் ஏறும் மிதவை) பரிந்துரைக்கப்படுகிறது, கட்டாயமில்லை.

அவரிடம் இருப்பது கப்பல்களில் வைத்திருக்கும் ஆரஞ்சு நிற ஃபோம் ஜாக்கெட் ஐந்து. ஏற்பாட்டாளர்களில் ஒருவரிடம் போனில் கேட்டதற்கு, “பரவாயில்ல சார், கொண்டு வாங்க, பாத்துக்கலாம்” என்றாராம். ஃபிளேர்கள் ஐந்து மாதத்துக்கு முன் காலாவதியாகிவிட்டன. புதிதாக வாங்கச் செலவாகும் என்பதால், சோதனை நாளன்று மட்டும் தெரிந்தவர் படகிலிருந்து வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்கிறார் கூட்டாளி. பையனின் அப்பா உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். “சோதனையில பாஸ் ஆயிட்டா அப்புறம் பொறுப்பு நடத்துறவங்களுதுதானே? எனக்கு ரூல்ஸ மீற ஆசை இல்ல சார். எந்த ரூல எப்படிப் படிக்கிறதுன்னுதான் தெரியல” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

வணக்கம். உங்கள் கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. விதியை ஏமாற்ற வழி கேட்டு எழுதுகிறவர்கள் அப்படி எழுதமாட்டார்கள். ஆனாலும் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் எண்ணம் ஓடுகிறது. பட்டியலில் உள்ளதைக் காட்டிவிட்டால் கடமை தீர்ந்தது, அதன்பின் நடப்பது வேறு யாருடையதோ பாடு என்பதுதான் அது. இது பந்தய விதிப்படியும் தவறு, நம் நாட்டுச் சட்டப்படியும் தவறு. அதனால் உங்கள் கடைசிக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சோதனையில் தேறினால் பொறுப்பு கைமாறுமா?

மாறாது. பாய்மரப் படகுப் பந்தயங்களுக்கு உலக அளவில் விதி வகுப்பது வேர்ல்ட் செயிலிங் என்ற அமைப்பு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை விதிப்புத்தகத்தைத் திருத்தி வெளியிடுவார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கானது. அதன் 3-ஆவது விதி மிகச் சிறியது. ஒரு பந்தயத்தில் இறங்குவதா, இறங்கியபின் தொடர்வதா என்ற முடிவுக்கான பொறுப்பு அந்தப் படகை மட்டுமே சேரும் என்று அது சொல்கிறது.

துறைமுகத்தைத் தாண்டி ஓடும் பந்தயங்களுக்கு அதே அமைப்பு தனியாக ஒரு சிறப்புப் பாதுகாப்பு விதித்தொகுப்பு வைத்திருக்கிறது. உங்கள் அறிவிக்கையின் நிபந்தனைகளும் பெரும்பாலும் அதைப் பார்த்து எழுதப்பட்டவைதான். அதில் இன்னும் வெளிப்படையாகவே இருக்கிறது: படகும் ஆட்களும் பத்திரமாக இருப்பது படகின் பொறுப்பாளருடைய, தட்டிக்கழிக்க முடியாத கடமை. உடற்பகுதி, பாய்மரம், பாய், கயிறு எல்லாம் உறுதியாக இருக்கின்றன என்று அவர் திருப்திப்பட்டிருக்க வேண்டும். பாதுகாப்புப் பொருள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது, எப்படி எடுத்துப் பயன்படுத்துவது என்று குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நடத்துபவர்கள் இந்த விதிகளைப் பின்பற்றுவதோ, படகில் ஏறிச் சோதிப்பதோ அவருடைய பொறுப்பை எந்த வகையிலும் குறைக்காது என்றும் அதே இடத்தில் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

லாரிக்கு எஃப்.சி. வாங்கிவிட்டதால் பிரேக் பிடிக்காத வண்டியை ரோட்டில் இறக்கியவர் தப்பிக்க முடியாது அல்லவா, அதே கதைதான். நடத்துபவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியபிறகும் பந்தயத்தைத் தொடங்கினால் அவர்கள் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தப் பொறுப்பு உங்கள் பொறுப்போடு சேர்ந்து நிற்குமே தவிர, உங்களுடையதை இறக்கி வைக்காது.

கூட்டாகப் படகு வைத்திருப்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் சொந்தக்காரர்கள் என்பதால் பொறுப்பாளரும் மூன்று பேர் ஆகிவிடமாட்டார்கள். நுழைவுப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாளர். கடிதத்திலிருந்து அது நீங்கள்தான் என்று புரிகிறது. அப்படியானால் ‘கூட்டாளி சொன்னார்’ என்பது உங்களுக்கு எங்கேயும் பதிலாக நிற்காது.

‘அல்லது அதற்கு இணையான’

உங்கள் கேள்விகளில் உண்மையிலேயே கடினமானது இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

150 நியூட்டன் என்றால் நீரில் ஏறக்குறைய 15 கிலோ எடையைத் தூக்கிப்பிடிக்கும் திறன். ஐ.எஸ்.ஓ. 12402 என்ற தர வரிசையில் 50, 100, 150, 275 என்று படிகள் உண்டு. சுண்ணாம்பாறு படகுக் குழாமில் கொடுப்பது போன்ற ஜாக்கெட்டுகளில் பல, நீந்தத் தெரிந்தவருக்கு, உதவி பக்கத்தில் இருக்கும்போது போதுமானவை. 150 என்ற படி திறந்த கடலுக்கானது. நினைவிழந்து முகம் கவிழ்ந்து கிடப்பவரைப் புரட்டி வாயை நீருக்கு மேலே கொண்டுவரும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்டது. இரவில் பாயின் அடிக்கட்டையான பூம் தலையில் அடித்துக் கடலில் விழுந்தவனால் தானாக எதுவும் செய்துகொள்ள முடியாது. இந்த எண்ணைக் கேட்பதற்கு அதுதான் காரணம்.

இனி உங்கள் ஆரஞ்சு ஜாக்கெட். அது உண்மையிலேயே சோலாஸ் (கப்பல்களில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கை) தரத்தில் அங்கீகரிக்கப்பட்டதாக இருந்தால், மிதக்கவைப்பதிலும் புரட்டிப்போடுவதிலும் குறை சொல்ல முடியாது. நினைவிழந்தவரைச் சில நொடிகளில் புரட்ட வேண்டும், வாய் நீர்மட்டத்துக்கு மேலே 12 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும் என்பது போன்ற சோதனைகளைத் தாண்டித்தான் அந்த அங்கீகாரம் கிடைக்கும். ஆகவே மிதவைத்திறனைப் பொறுத்தவரை ‘இணையானது’ என்று நீங்கள் வாதாடலாம். நானே உங்களுக்காக வாதாடுவேன்.

ஆனால் நிபந்தனை அதோடு முடியவில்லை. விசில், விளக்கு, தொடைப்பட்டை ஆகியவை தனியாகக் கேட்கப்பட்டுள்ளன. ‘இணையான’ என்ற சலுகை மிதவைத்திறனுக்குத்தான்; இந்த மூன்றும் எந்த ஜாக்கெட்டாக இருந்தாலும் வேண்டும். விசிலும் விளக்கும் கடையில் கிடைக்கும், மாட்டிவிடலாம். கப்பல் ஜாக்கெட்டுகள் பலவற்றில் தொடைப்பட்டை இருக்காது. அது இல்லாமல் அலையில் விழுந்தால் ஜாக்கெட் மேலே எழும்பிக் காதை மறைக்கும், ஆள் கீழே தொங்குவான். தையல்காரரிடம் கொடுத்து நைலான் பட்டை வைத்துத் தைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஊசி போன இடத்தில் அங்கீகாரமும் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அணிவதில் இருக்கிறது. பந்தய விதி 1.2 இரண்டு விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறது. எல்லோருக்கும் போதுமான உயிர்காப்புப் பொருள் இருக்க வேண்டியது படகின் கடமை. நிலைமைக்கு ஏற்ற மிதவையை அணிந்திருக்க வேண்டியது ஒவ்வொரு போட்டியாளரின் தனிப்பட்ட கடமை. மஞ்சளும் சிவப்புமாகச் சாய்கோடு போட்ட ஒய் கொடியைப் பந்தயக் குழு ஏற்றிவிட்டால் அது கட்டளையாகவே ஆகிவிடும். கப்பலை விட்டு இறங்கும்போது மாட்டுவதற்காகச் செய்த அந்தப் பருமனான ஃபோமைப் போட்டுக்கொண்டு இரவு முழுக்க, பாய்க்கயிறு இழுக்கும் வின்ச்சைச் சுற்றவும், பூம் அடியில் குனிந்து மாறவும், அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, தவழ்ந்து போய்ப் பாயை இறக்கவும் முடியுமா? ஒருமுறை போட்டுப்பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். முடியாததால் கழற்றி இருக்கைக்கு அடியில் வைப்பீர்கள். விழுகிறவனுக்கு அங்கிருந்து அது பயன்படாது. மேலும் அதன்மேல் ஹார்னஸை மாட்டினால் ஒன்றையொன்று இடிக்கும்.

இதனால்தான் இத்தகைய பந்தயங்களில் ஹார்னஸும் சேர்ந்தே வரும் காற்றடைக்கும் ஜாக்கெட்டை எல்லோரும் விரும்புகிறார்கள். விலை அதிகம்தான். ஐந்தையும் வாங்க இயலாவிட்டால், சென்னையில் படகு வைத்திருக்கும் நண்பர்களிடம் பந்தயம் முழுவதற்கும் இரவல் கேளுங்கள். அதில் தவறே இல்லை. ஆனால் நம் கடற்கரையின் உப்புக்காற்றில் இந்த ஜாக்கெட்டுகள் வெளியே தெரியாமல் கெடுகின்றன. உறையைத் திறந்து சிலிண்டரைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். கழுத்து மரையில் பழுப்பாகத் துரு படிந்திருந்தால் மாற்ற வேண்டும். சிலிண்டரின் மேல் மொத்த எடை பொறித்திருக்கும். நகைக்கடைத் தராசில் வைத்து அந்த எடை இருக்கிறதா என்று பாருங்கள், குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. தானாகத் திறக்கும் வகையாக இருந்தால் உள்ளே கரையும் மாத்திரைக்குத் தேதி உண்டு. ஈரமான பெட்டியில் கிடந்தால் அது தானாகவே வெடித்து ஜாக்கெட் உப்பிக்கொள்ளும். கடைசியாக, வாயால் ஊதி ஓர் இரவு வைத்துவிடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் அந்த ஜாக்கெட்டை நம்பி யாரையும் அனுப்பாதீர்கள்.

போனில் கிடைத்த ‘பரவாயில்லை’க்கு என்ன மதிப்பு? பந்தயச் சட்டத்தில் எதுவுமில்லை. அறிவிக்கையை மாற்றவேண்டுமானால் எழுத்தில் மாற்றி, எல்லோரும் பார்க்கும் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். உங்களுக்குப் பின்னால் வந்த படகு புரோட்டஸ்ட் (விதிமீறல் புகார்) போட்டால், விசாரணைக் குழு அறிவிக்கையைத்தான் படிக்கும். உங்கள் போன் அழைப்புப் பட்டியலைப் படிக்காது. அந்த ஏற்பாட்டாளர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ‘இணையானது’ என்று தீர்மானிக்கும் அதிகாரம் போனை எடுத்தவருக்குக் கிடையாது, உங்களுக்கும் கிடையாது. பந்தயக் குழுவோ, அவர்கள் அமைத்த தொழில்நுட்பக் குழுவோ எழுத்தில் சொல்ல வேண்டும்.

காலாவதியான ஃபிளேரும் இரவல் ஃபிளேரும்

சிறப்புப் பாதுகாப்பு விதியில் இதற்கு இடைவெளியே விடவில்லை. ஃபிளேரில் அச்சிட்ட தேதி தாண்டியிருக்கக் கூடாது. தேதியே இல்லாவிட்டால் தயாரித்து நான்கு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. உங்கள் அறிவிக்கையும் ‘காலாவதியாகாத’ என்றே சொல்கிறது. ஐந்து மாதம்தான் ஆகிறது, உலர்ந்த இடத்தில் வைத்திருந்தேன் என்பதெல்லாம் எடுபடாது. கையில் பிடிக்கும் சிவப்பு ஃபிளேர் ஒரு நிமிடமாவது எரிய வேண்டும் என்பது தரம். பழையது எரியாமலும் போகலாம், சிதறிக் கையைச் சுட்டும் விடலாம். ஃபைபர் படகில் ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும்.

பழையதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். இருட்டில், பதற்றத்தில், ஈரக்கையால் பெட்டியைத் துழாவும்போது பழையது எது புதியது எது என்று பார்க்க நேரமிருக்காது. கொளுத்தித் தீர்த்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஃபிளேர் என்பது அபாய அறிவிப்பு, அதைப் பார்த்துத் தேடல் தொடங்கிவிடும். விற்ற கடையிடமோ துறைமுக அலுவலகத்திடமோ எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

இப்போது உங்கள் கூட்டாளியின் யோசனை. காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பது விதியை வேறு மாதிரிப் படிப்பதல்ல, மோசடி. படகு பந்தயத்தில் இருக்கும் நேரம் முழுக்க விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும், சோதனை நடக்கும் அரைமணி நேரம் மட்டுமல்ல. மாட்டினால் உங்கள் படகு தகுதியிழக்கும். அதோடு விளையாட்டு நெறிக்கு மாறான நடத்தை என்று 69-ஆவது விதியின் கீழ் தனி விசாரணையும் வரலாம். அது படகைத் தாண்டி ஆளின்மேல் வரும் நடவடிக்கை. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. விபத்து நடந்து போலீஸ் விசாரணை வந்தால், ஃபிளேர் தேவை என்று தெரிந்தே இல்லாமல் போனீர்கள் என்பதற்கு உங்கள் இரவல் ஏற்பாடே சாட்சியாகும். கவனக்குறைவு என்று சொல்லித் தப்பிக்கும் வழிகூட அங்கே அடைபட்டுவிடும். நான்கு ஃபிளேரும் இரண்டு புகையும் வாங்கும் செலவு மூன்று பங்காளிகளுக்குள் பிரிந்தால் தாங்கக்கூடியதே. அதுவும் முடியாவிட்டால் இந்த ஆண்டு பந்தயத்தை விட்டுவிடுங்கள்.

ஹார்னஸும் லைஃப் ராஃப்டும்

ஹார்னஸ் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. ‘ஐந்து ஹார்னஸ் இருக்கிறது’ என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். விதியின் அந்த வரியைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் ஹார்னஸை எதில் மாட்டப்போகிறீர்கள்? அணியத்திலிருந்து பின்பக்கம் வரை டெக்கின் இருபுறமும் ஓடும் பட்டை இல்லாவிட்டால், ஆட்கள் கைப்பிடிக் கம்பியிலோ பாய்க்கயிற்றிலோ கொக்கியை மாட்டுவார்கள். பட்டை இருந்தால், அது எத்தனை வெயில் பார்த்தது என்று கவனியுங்கள். நிறம் வெளுத்து, நகத்தால் சுரண்டினால் தூள் உதிரும் பட்டையை மாற்றியே ஆக வேண்டும்.

2017 நவம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில், உலகைச் சுற்றும் ஒரு பந்தயத்தில், ஹார்னஸ் மாட்டியிருந்த ஒருவர் கடலில் விழுந்தார். அவருடைய டெதரின் (ஹார்னஸைப் படகோடு இணைக்கும் வாரின்) கொக்கி டெக்கில் இருந்த கிளீட்டுக்கு (கயிறு கட்டும் கொம்புக்கு) அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு வளைந்து விடுபட்டது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. கொக்கியின் வலு நேர் இழுப்புக்குத்தான், பக்க இழுப்புக்கு அல்ல என்று பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணைப் பிரிவு அப்போது எச்சரித்தது. ஆகவே உங்கள் டெக்கில் கொக்கி எங்கெல்லாம் போய் மாட்டிக்கொள்ளும் என்று கரையில் இருக்கும்போதே ஒருமுறை தவழ்ந்து பாருங்கள். டெதர் 2 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது என்பது சிறப்பு விதி; உங்கள் 26 அடிப் படகின் அகலத்துக்கு ஒரு மீட்டர் டெதர் இருந்தால் இன்னும் நல்லது. விழாமல் தடுப்பதுதான் அதன் வேலை. விழுந்தபின் படகோடு இழுபடுவது பெரிய ஆபத்து.

லைஃப் ராஃப்ட் கட்டாயமில்லை என்பதால் அதைப்பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பரிந்துரை என்றால், நடத்துபவர்கள் அந்த முடிவை உங்களிடம் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். யோசித்துத்தான் ஆக வேண்டும். யோசித்தபின் வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். கரையை ஒட்டிய ஓட்டம், வெதுவெதுப்பான நீர், இரவெல்லாம் மீன்பிடிப் படகுகள் நடமாடும் கடல். அதோடு, 1979-இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பி, புயலில் 15 போட்டியாளர்கள் இறந்த கதையிலிருந்து உலகம் கற்றது ஒன்று உண்டு. அன்று ஆட்கள் விட்டுவிட்டுப் போன 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான். ராஃப்டில் ஏறியவர்கள் சிலர் இறந்துபோக, அவர்கள் விட்டுவந்த படகு மிதந்துகொண்டிருந்தது. படகு காலுக்கடியில் மிதக்கும்வரை அதை விடக்கூடாது.

நம் கடலில் நான் அஞ்சுவது வேறு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இரவில் விளக்கில்லாத ஃபைபர் படகுகளும் மைல்கணக்கில் விரித்த வலைகளும் கிடக்கும். சுக்கானில் வலை சுற்றினால் படகு திரும்பாது, பாய் மட்டும் இழுக்கும். உறையோடு கட்டிவைத்த கூர்மையான கத்தி ஒன்று, சுக்கான் பிடிக்கும் இடமான காக்பிட்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சிறப்பு விதியும் அதைக் கேட்கிறது. வலையை அறுப்பது கடைசி வழி. அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. நம் ஊரில் எந்தக் குப்பத்திலும் கேளுங்கள், வலை எந்த நேரத்தில் எங்கே கிடக்கும், வாடைக் காற்றும் சோழகக் காற்றும் (தென்காற்று) எப்போது மாறும், நீரோட்டம் எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். பந்தயத்துக்கு முந்தைய வாரம் வீராம்பட்டினத்திலோ தேவனாம்பட்டினத்திலோ ஒரு மாலை உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

செல்போனை நம்பிப் போக வேண்டாம். கையடக்க வி.எச்.எஃப். ரேடியோ ஒன்று, முழு சார்ஜில், உறையில் வேண்டும்; அபாய அழைப்பு 16-ஆவது சேனல். சிக்னல் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும், கடலோரப் போலீஸின் 1093-உம் ஐந்து பேர் போனிலும் இருக்கட்டும்.

அக்கா மகன்

பையனின் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டதால் அவன் விஷயம் முடிந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இடத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவை வைத்து 1903-இலேயே தீர்ந்த விஷயம். அப்பாவின் கையெழுத்து, பையன் கலந்துகொள்ளச் சம்மதம் என்பதற்கு ஆதாரம், அவ்வளவுதான். பையனுக்கு அடிபட்டால் இழப்பீடு கேட்கும் அவனுடைய உரிமையை அப்பா எழுதிக் கொடுத்துவிட முடியும் என்று எண்ணிக்கொண்டு படகை எடுக்காதீர்கள்.

குற்றவியல் சட்டம் இன்னும் கூர்மையாக இந்த வயதைப் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 25-ஆவது பிரிவு, விளையாட்டில் ஏற்படும் காயத்துக்கு, சம்மதித்து இறங்கியவர் விஷயத்தில் ஒரு பாதுகாப்பு தருகிறது. வாள்சண்டைப் பயிற்சியை எடுத்துக்காட்டாகச் சொல்லும் பழைய பிரிவுதான் அது. அந்தப் பாதுகாப்பு 18 வயதுக்கு மேற்பட்டவர் கொடுத்த சம்மதத்துக்கு மட்டுமே. பெரியவர்கள் விஷயத்திலும், கவனக்குறைவால் உயிர் போனால் 106-ஆவது பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு; எந்த உறுதிமொழிப் படிவமும் அதைத் தடுக்காது. ஆபத்தான முறையில் படகைச் செலுத்துவதற்கு 282-ஆவது பிரிவு தனியாக இருக்கிறது.

இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. 17 வயதில் ஒரு பையன் தாய்மாமனோடு இரவுக்கடலைப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவனை விட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொல்லவில்லை. நடத்துபவர்கள் 18-க்குக் குறைந்தவர்களை அனுமதிக்கிறார்களா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். அனுமதித்தால், இருட்டியபின் அவன் காக்பிட்டை விட்டு முன்னே போகக் கூடாது என்று பகலிலேயே சொல்லிவிடுங்கள். மாமா சொன்னால் கேட்பான். நடு ராத்திரியில் பாய் படபடக்கும்போது சொன்னால் காதில் விழாது. நல்ல ஜாக்கெட்டில் முதலாவது அவனுக்கு. மற்ற நான்கு பேருக்கும் சேர்த்து, ஆள் கடலில் விழுந்தால் படகைத் திருப்பி எடுப்பதைப் பகலிலும் இருட்டிலும் பழகுங்கள். அதில் சுக்கானை ஒருமுறை அவன் கையிலும் கொடுங்கள். விழுகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.

உங்கள் அக்காவிடமும் பேசுங்கள். கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

இன்சூரன்ஸ்

நீங்கள் கேட்காதது, ஆனால் வழக்கறிஞர் என்ற முறையில் விடமுடியாதது. உங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். படகு பாலிசிகள் பலவற்றில், பந்தயத்தில் பாயோ பாய்மரமோ உடைந்தால் பணம் கிடையாது. தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் உண்டு. எந்தக் கடல் எல்லை வரை செல்லலாம் என்ற வரம்பும் இருக்கும். சென்னை வரை போவதைச் சொல்லாமல் விட்டால் அதுவே தகராறாகும். 1963-ஆம் ஆண்டு கடல் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, கால அளவு பாலிசியில் (குறிப்பிட்ட காலத்துக்கு எடுத்த பாலிசியில்), படகு கடலுக்குத் தகுதியில்லை என்று தெரிந்தே உரிமையாளர் அனுப்பியிருந்து, அந்தக் குறையாலேயே நட்டம் வந்தால், நிறுவனம் பணம் தரவேண்டியதில்லை. இங்கும் ‘தெரிந்தே’ என்பதுதான் கிடுக்கிப்பிடி. ஏஜென்டிடம் வாயால் சொல்லாமல் மின்னஞ்சல் அனுப்பி, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே எழுத வேண்டிய கடிதம்

பந்தயக் குழுவுக்கு அனுப்ப ஒரு வாசகம் தருகிறேன். உங்கள் விவரத்தைச் சேர்த்து, அறிவிக்கை எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் அனுப்புங்கள்:

“போட்டி அறிவிக்கையின் லைஃப் ஜாக்கெட் பற்றிய நிபந்தனையில் ‘அல்லது அதற்கு இணையான’ என்று உள்ளது. எங்களிடம் உள்ள ஃபோம் ஜாக்கெட்டின் அங்கீகார முத்திரை, தயாரிப்பு ஆண்டு, மிதவைத்திறன் தெரியும் படங்களை இணைத்துள்ளோம். இவற்றில் தொடைப்பட்டை இல்லை. இவை நிபந்தனையை நிறைவு செய்கின்றனவா? 18 வயது நிரம்பாத ஒருவர் குழுவில் இடம்பெறலாமா, எந்த நிபந்தனையின் பேரில்? தங்கள் பதிலை எழுத்தில் தந்து, எல்லாப் போட்டியாளர்களும் காணும் அறிவிப்புப் பலகையிலும் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.”

தொடைப்பட்டை இல்லை என்பதை நீங்களே எழுதிவிடுங்கள். மறைத்துக் கேட்டு வாங்கிய அனுமதி நிற்காது. பெரும்பாலும் ‘கூடாது’ என்றே பதில் வரும். காற்றடைக்கும் ஜாக்கெட்டைத் தேடிப் பிடிக்க நாள் வேண்டும் என்பதால், பதிலுக்காகக் காத்திராமல் அந்தத் தேடலையும் இப்போதே தொடங்கிவிடுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.